கைமாறாத தட்டு

நிச்சயதார்த்தத் தட்டை நீட்டும்போதும் ராகவாச்சாரிக்குப் பேச்சு ஓயவில்லை. கூடத்துக் கண்ணன் படத்தைக் கண்ணால் காட்டி, "ஏழு தலைமுறையா எங்க குலமே இவன் காலடியிலதான்" என்றார்.

சமணரான மாப்பிள்ளையின் அப்பா ஜினதாச நயினார் தட்டைப் பிடித்தபடி பணிவாகச் சொன்னார்: "எங்களுக்கும் வேண்டியவர்தான். போர்ல கொன்ன பாவத்துக்கு இப்போ நரகத்துல இருக்கார். அது தீர்ந்ததும் நாங்க கும்பிடற தீர்த்தங்கரராப் பிறப்பார்."

"நரகத்துலயா?"

தட்டு நான்கு கைகளுக்கு நடுவே நின்றது. ராகவாச்சாரி விடவுமில்லை, இழுக்கவுமில்லை. இந்தச் சம்மதத்துக்காக நாலு வருஷம் காத்திருந்த மகள் பத்மாசினி தட்டருகே வந்தாள்.

"பெருமாள் இல்லாத இடமே கிடையாதுன்னு தினமும் சொல்வேளே அப்பா. நரகத்துல மட்டும் இல்லையா?"

ராகவாச்சாரியின் பக்கம் தட்டு லேசாக உயர்ந்தது. தட்டிலிருந்த எலுமிச்சம்பழம் மெல்ல மாப்பிள்ளை வீட்டுப் பக்கம் உருண்டது.