பதினெட்டு வயது கோவிந்தராஜுக்கு ஓர் அறை

வார்டன் அம்மாளுக்கு நேர் எதிரே உட்கார்ந்துகொண்டு, அந்த அம்மாளை எப்படி ஏமாற்றுவது என்று மகளுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார் கோவிந்தராஜ். துளிக்கூடப் பயமில்லை. பாடம் தமிழில், மேஜைமேல் இருந்த பெயர்ப்பலகையிலோ குல்கர்ணி என்ற மராத்திப் பெயர்.

புனேயில் பாதி ஆயுளாகக் குப்பை கொட்டியவர் அவர். கடைக்காரனின் மூஞ்சிக்கு நேரே அவன் தராசைத் திட்டுவதும், லிஃப்டில் பக்கத்து வீட்டுக்காரரின் தொப்பையை அலசுவதும் தமிழில்தான். இதுவரை ஒரு ஆசாமியும் திருப்பிக் கேட்டதில்லை.

"அம்மு, முதல் வாரம் சாமியார் மாதிரி இரு. எல்லாருக்கும் முன்னாடி லைட்டை அணைச்சிட்டுப் படுத்துடு. அப்புறம் நீ செவுரேறிக் குதிச்சாக்கூட இந்தம்மா உன்னைச் சந்தேகப்படாது."

எதையோ எழுதிக்கொண்டிருந்த வார்டன் நிமிர்ந்து பார்த்து, ஏதாவது சந்தேகமா என்று இந்தியில் கேட்டார். "ஒழுங்காகப் படி என்று புத்தி சொல்கிறேன் மேடம்" என்று இந்தியிலேயே குழைந்துவிட்டு, கோவிந்தராஜ் மறுபடி மகள் பக்கம் திரும்பினார்.

"லேட்டா வந்து மாட்டிக்கிட்டா இங்கிலீஷ்ல எதிர்த்துப் பேசாத. மராத்தில அழு. லீவு வேணும்னா வயித்து வலின்னு சொல்லு, ஜுரம்னு மட்டும் சொல்லிடாத. ஜுரத்தைத் தெர்மாமீட்டர் காட்டிக் குடுத்துடும்."

"அப்பா, காலைல பிரஷர் மாத்திரை போட்டீங்களா?"

"அட, இப்ப அதுவா முக்கியம்? ப்ரொஃபசரைக் காக்கா பிடிக்காத, மெஸ்ல சமைக்கிறவரைப் பிடிச்சு வெச்சுக்க. அதைக் கேளு முதல்ல."

இவ்வளவு பேசுகிற மனுஷன் தன் படிப்புக் காலத்தில் ஹாஸ்டல் வாசலைக்கூட மிதித்ததில்லை. வேலூரில் வீட்டிலிருந்தே காலேஜுக்குப் போய், தயிர் சாதம் தின்று, சாயங்கால பஸ்ஸில் சமர்த்தாகத் திரும்பிய பிள்ளை. ஹாஸ்டல் பையன்கள் அடித்த கூத்தைக் கேட்டுக் கேட்டு வயிறெரிந்ததுதான் மிச்சம்.

"பதினெட்டு வயசு கோவிந்தராஜ் மட்டும் இப்ப என் எதிர்ல வந்தான்னு வெச்சுக்க, பொளேர்னு ஒரு அறை விடுவேன். டேய் மாங்கா மடையா, அம்மா முந்தானையைப் பிடிச்சிக்கிட்டு நிக்காதடா, பெட்டியைத் தூக்கிக்கிட்டு ஹாஸ்டலுக்கு ஓடுடான்னு சொல்லுவேன். அவன்கிட்ட சொல்ல வழியில்ல. நீயாவது அனுபவி."

மனைவி நீலா போய்ச் சேர்ந்த பிறகு வீட்டில் அவரும் அம்முவும்தான். காலேஜ் போகிற பெண் தனக்குச் சோறாக்கிப் போட்டே காலத்தைக் கழித்துவிடுவாளோ என்பது அவருடைய பெரிய பயம். எப்பாடு பட்டாவது அவளுக்கு இங்கே ஓர் இடம் வாங்கிவிட வேண்டும். வெளியூர்ப் பிள்ளைகளுக்கு மட்டும்தான் ஹாஸ்டல் என்ற சட்டம் ஒன்றுதான் குறுக்கே நின்றது. அதற்கும் ஒரு பொய் தயார்.

"அப்பா, வீடு எங்கேன்னு கேட்டா நான் என்ன சொல்லணும்?" என்றாள் அம்மு. "மறந்துபோச்சு. ஜோர்ஸே, கொஞ்சம் சத்தமா சொல்லுங்க, இந்த ஃபேன் சத்தத்துல ஒண்ணுமே கேக்கல."

கோவிந்தராஜ் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "ரஞ்சன்காவ்னு சொல்லு, அது வெளியூர்க் கணக்கு. அங்க இருக்கறது என் ஃபேக்டரிதான், வீடு இல்லேன்னு இந்தம்மாவுக்கு ஜோசியமா தெரியும்? நம்ம வீடு இங்கயே விமான் நகர்னு மட்டும் வாயைத் திறந்துடாத."

வார்டன் பேனாவை மூடி வைத்தார்.

"விமான் நகர்ல எந்தப் பக்கம் சார்?"

சுத்தமான தமிழ்.

"கட்டிக்கிட்டவர்தான் குல்கர்ணி. நான் பொறந்து வளர்ந்தது இதே புனேல, கிர்க்கி ஃபேக்டரி குவார்ட்டர்ஸ்ல. எங்க லைன்ல பாதிப் பேரு வேலூர்க்காரங்கதான்." வார்டன் எழுந்து நின்றார். "உள்ளூர்ல வீட்டை வெச்சுக்கிட்டு பொய் வேற சொல்றீங்க. இடம் இல்ல சார். கிளம்புங்க."

"மேடம், தப்பு என்னோடது. பொண்ணைத் தண்டிச்சுடாதீங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டார். கெஞ்சினார். வார்டன் முடியாதென்று தலையை ஆட்டிவிட்டார்.

வராந்தாவுக்கு வந்ததும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "என் பாழாப்போன வாயால உன் வாழ்க்கையைக் கெடுத்துட்டேனே அம்மு!"

"விடுங்கப்பா, போனாப் போகுது. நீங்க போய் ஆட்டோ பிடிங்க. நான் உள்ள போய் நாம கொண்டுவந்த வாளியையும் மெத்தையையும் எடுத்துட்டு வர்றேன்."

கேட் வரைக்கும் போனவருக்கு மனசு கேட்கவில்லை. அந்தக் கனத்த மெத்தையைச் சின்னப் பெண் ஒற்றையாக எப்படித் தூக்குவாள்? திரும்பி வந்தவர், அறைக்குள் பேச்சுச் சத்தம் கேட்டுக் கதவோரமாகவே நின்றுவிட்டார்.

"நேத்து நீ ஃபோன்ல கேட்டுக்கிட்ட மாதிரியே இடம் இல்லேன்னு சொல்லிட்டேன்மா" என்றார் வார்டன். "ஆனா, ஹாஸ்டல் பிடிக்கலேன்னு அப்பாகிட்ட நீயே சொல்லியிருக்கலாமே?"

"ஹாஸ்டல் பிடிக்காமயா ஆன்ட்டி? அவரைத் தனியா விட்டுட்டு வரத்தான் பிடிக்கல."