வேரை மேலே காட்டிய செடிகள்

போன ஞாயிறு சுத்தமாக அள்ளிய கால்வாயை ஆகாயத்தாமரை மறுபடி மூடியிருந்தது. அதில் பாதிச் செடிகள் தலைகீழாக, கறுத்த வேரை மேலே காட்டிக்கொண்டு மிதந்தன.

"அடியிலேருந்து யாரோ புரட்டிப் போட்ட மாதிரி இல்ல?" என்றார் அப்துல் முத்தலிப், இடுப்பளவு தண்ணீரில் நின்றபடி. "யாருன்னு கேக்காதீங்க மருதண்ணே. உங்களுக்கே தெரியும்."

மருதப்பனுக்குத் தெரியும். டிசம்பர் வெள்ளத்தில் சிங்கப்பூரின் இந்தப் பொத்தோங் பாசிர் கால்வாயில்தான் பாலகிருஷ்ணன் வழுக்கி விழுந்தார். பத்துப் பேர் கண்ணெதிரே அடித்துக்கொண்டு போனவர், போனவர்தான். குடை மட்டும் பாலத்தடியில் கிடைத்தது.

கம்பத்துக் குடியிருப்பின் ஆட்களைக் கூட்டி, ஞாயிறுதோறும் செடி அள்ளும் தொண்டு வேலையை ஆரம்பித்து வைத்தவர் மருதப்பன். கொசுவை ஒழிக்க என்று ஊருக்குச் சொன்னார்.

"எலும்பாவது எடுத்துத் தந்துடறேன் தங்கச்சி. கருமாதி பண்ணாம என் கூட்டாளியை விட மாட்டேன்" என்று பாலகிருஷ்ணன் மனைவி பாக்கியலட்சுமியிடம் தனியாகச் சொன்னார். அவள் ஞாயிறு தவறாமல் எல்லாருக்கும் கோப்பி மட்டும் கலந்து கொண்டுவந்தாள்.

முதல் வாரம் இருபத்திரண்டு பேர் வந்தார்கள். செடி திரும்பி வந்த மறுவாரம் பதினான்கு. இன்று ஐந்து. மற்றவர்களுக்கெல்லாம் காய்ச்சல், ஞாயிறு காலையில் ஏறி, மத்தியானச் சாப்பாட்டுக்குள் இறங்கிவிடுகிற காய்ச்சல்.

"அள்ளி அள்ளிக் கரையில போடுறோம். மறுவாரம் பாத்தா கரை காலி, தண்ணி நெறஞ்சு கெடக்கு" என்றார் முத்தலிப்.

"கரையில கெடக்கறதைப் பண்ணைக்காரச் சீனர் பன்னிக்கு அள்ளிட்டுப் போயிருப்பாரு."

"அப்ப தண்ணியில கெடக்கறது? பாலாதான்லா. காரியம் பண்ணாத ஆளு, இழுத்து மூடிக்கிட்டுப் படுத்திருக்காரு. போர்வைய உருவினா எந்த மனுசனுக்கும் கோவம் வரும்." முத்தலிப் கரையேறிக் கைலியைப் பிழிந்தார். "அடுத்த வாரம் நான் வரலண்ணே. எனக்கும் காய்ச்சல் வர்ற மாதிரி இருக்கு."

மருதப்பனுக்கு அன்று தூக்கம் பிடிக்கவில்லை. ஆள் இல்லையென்றால் தேடல் நின்றுவிடும். கூட்டாளி கடைசிவரை சேற்றுக்கடியிலேயே கிடப்பார். திங்கள் விடிந்ததும், வேலைக்குப் போகிற வழியில் கால்வாய்ப் பக்கம் சைக்கிளைத் திருப்பினார்.

தண்ணீர்மேல் மூட்டம் போட்டிருந்தது. அதற்குள் அவிழ்ந்த கூந்தலோடு ஓர் உருவம். முறைப்படி முதலில் கால் இருக்கிறதா என்று பார்த்தார். மார்பளவு தண்ணீரில் கால் எங்கே தெரியப் போகிறது? சைக்கிள் அவர் கையை விட்டுத் தானாகச் சாய்ந்தது.

அது அவரைக் கவனிக்கவில்லை. கரையில் குவித்திருந்த செடிகளை இரண்டு கையாலும் வாரி வாரி நடுக் கால்வாய்க்குத் தள்ளிக்கொண்டிருந்தது. தலைகீழாக விழுந்ததைத் திருப்பிப் போடக்கூட நிற்கவில்லை.

அவர் கால் பட்டு, கிடந்த சைக்கிளின் மணி ஒலித்ததும் திரும்பியது. பாக்கியலட்சுமி.

"நீயா?" என்றார் மருதப்பன். "உனக்காகத்தானேம்மா அவனைத் தேடிக்கிட்டிருக்கோம்?"

அவள் மிச்சச் செடியையும் தள்ளிவிட்டுத்தான் பேசினாள்.

"எலும்பு கெடச்சா, பத்தாம் நாள் நாலு பொம்பளைங்க என்னைச் சுத்தி உக்காந்து தாலியக் கழட்டுவாங்க. இப்ப யாராச்சும் வாசல்ல வந்து கேட்டா, வெளியே போயிருக்காருன்னு சொல்லிட்டிருக்கேன்."

அவள் ஈரக் கையைக் கூப்பினாள்.

"தேடாதீங்கண்ணே. கெடச்சிடுவாரு."