வெள்ளிக்கிழமைப் பெற்றோல்

"என்ட கண்ணுக்கு முன்னாலயே களவா? இன்டைக்கி ரெண்டுல ஒன்டு பாக்காம போக மாட்டேன்!"

பெற்றோல் செட்டின் நட்டநடுவில் ஓட்டோவைக் குறுக்கே நிறுத்திவிட்டு நளீர் கத்தினார். பின்னால் ஹோர்ன்கள் அலறின. அவர் அசையவில்லை. கட்டுகஸ்தோட்டையில் நளீரைத் தெரியாதவர்கள் இருக்கலாம், அவருடைய சிக்கனத்தைத் தெரியாதவர்கள் இல்லை.

விடியற்காலைக் குளிரில்தான் பெற்றோல் அடிப்பார். வெயில் ஏறினால் ஆவியாகிக் குறைந்துவிடுமாம். இறக்கம் வந்தால் எஞ்சினை நிறுத்திவிட்டு உருட்டுவார். அடித்து முடிந்ததும், குழாயை உதறி மிச்சச் சொட்டையும் டேங்கில் விடச் சொல்வார். வழியில் இரண்டு செட் இருந்தும் அவற்றைத் தாண்டி, அளவு சரியாக இருக்கும் என்று இங்கேதான் வருவார். அப்படிப்பட்டவரையே ஏமாற்றினால் சும்மா விடுவாரா?

"என்ன நானா, என்ன பிரச்சினை?" மனேஜர் கணேஸ் ஓடி வந்தார்.

"நேத்து விடிய ஐநூறுக்கு அடிச்சேன். வெள்ளிக்கிழமை நான் ஹயர் ஓடுறல்ல, வண்டி வீட்டு முத்தத்துல நின்டது. ஜும்மா தொழுகைக்கும் நடந்துதான் போனேன். இன்டைக்கி வத்தேகமைக்கு, என்ட தங்கச்சி ஊட்டுக்கு வெளிக்கிட்டா பாதி வழியில ரிசேவ்! ஐநூறுக்கு அடிச்சா போய்த் திரும்பி வரலாம். ஒரு மாசமா எல்லா வெள்ளிக்கிழமையும் இதே கத!"

"யாரு அடிச்சது?"

"வேற யாரு, இவன்தான்!"

கறுப்பையா கையில் குழாயோடு நின்றார். "நா சைபரக் காட்டிட்டுத்தாங்க அடிச்சேன், சார்."

பின் சீட்டில் இருந்த மனைவி சித்தி றலியா மெதுவாகச் சொன்னாள்: "பாவம் அந்த மனுசன். உடுங்க, போவோம்."

"நீங்க பேசாம ஈங்க! பெற்றோல் என்ன தண்ணியா?"

இந்தக் கேள்வி அவளுக்குப் புதிதல்ல. திகனையில் படுக்கையாகக் கிடக்கும், தன்னைப் பெற்ற உம்மாவைப் பார்த்துவிட்டு வருவோமா என்று எப்போது கேட்டாலும் இதுதான் பதில். இன்று காலையிலும் கேட்டாள். இன்று காலையிலும் இதுதான் பதில்.

கணேஸ் அளக்கும் தகர வாளியைக் கொண்டுவந்து, எல்லோருக்கும் முன்னால் ஐந்து லீற்றர் அடித்துக் காட்டினார். பெற்றோல் கோட்டிலேயே வந்து நின்றது.

நளீருக்கு இன்னும் கோபம் ஏறியது. "சரி, மெசின்ல பிழையில்ல. அப்ப மனுசன்லதான் பிழை! முன்னால அடிச்சவன்ட கணக்குல இருந்து எனக்குத் தொடங்கீப்பான். நான் சைபரப் பாத்தேனா இல்லயான்டு எனக்கே நெனவில்ல, அந்தளவுக்கு நம்பினேன்!"

கூட்டம் சேர்ந்துவிட்டது. ஒருவர் போனில் வீடியோ எடுக்கத் தொடங்கினார்.

"எடுங்க, எடுங்க, ஃபேஸ்புக்குல போடுங்க! பெற்றோலுக்குப் போலின்ல வரிசையா நின்ட காலத்துலயும் நான் இந்த செட்ட உடல்ல! மூணு நாள் இந்த ரோட்டுல காவல் கெடந்தோம். நான் ஊட்ட போய்த் தூங்கி எழும்பி வார வரைக்கும், இவதான் வண்டிய முன்னுக்கு முன்னுக்கு எடுத்து வெச்சா. அதுக்கு நீங்க செய்ற உபகாரம் இதுவா?"

வீடியோவைக் கண்டதும் கணேஸுக்கு வியர்த்தது. முதலாளியின் கண்ணில் இது பட்டால் அவருடைய வேலைக்கும் ஆபத்துத்தான். "கறுப்பையா, வாயத் தொறந்து ஏதாச்சும் சொல்லு. இல்லன்னா சட்டையக் கழட்டிக் குடுத்துட்டு இப்பவே வீட்டுக்குப் போ."

கறுப்பையா வாயைத் திறந்தார். ஓட்டோவின் பின் சீட்டை ஒருதரம் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார்.

"சொல்றதுக்கு ஒண்ணுமில்லீங்க, சார்."

"பாத்தீங்களா! களவெடுத்தவனுக்கு எங்க வாய் வரும்?" நளீர் கூட்டத்தைப் பார்த்து வெற்றியோடு கேட்டார்.

கறுப்பையா செட்டின் மஞ்சள் சட்டைப் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். அவருக்குப் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் இரண்டு பேர். இந்த வயதில் வேறு யார் வேலை கொடுப்பார்கள்? கடைசிப் பொத்தான் மட்டும் கழன்று வரவில்லை.

சித்தி றலியா பின் சீட்டிலிருந்து இறங்கினாள். கூட்டத்துக்குப் பயந்து ஓரமாய் நிற்கப் போகிறாள் என்று நளீர் நினைத்தார். அவளோ முன்னால் வந்து சாரதி சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

"ஏய் றலியா, என்ன இது? எறங்குங்க!"

ஓட்டோ ஒரே இழுவையில் உயிர் பெற்றது. குறுக்கே நின்ற வண்டியைப் பின்னால் எடுத்து, ஒரு லொறிக்கும் வேனுக்கும் நடுவில் உரசாமல் வளைத்து, ஓரமாகக் கொண்டுபோய் ஒழுங்காக நிறுத்தினாள். ஹோர்ன் சத்தம் நின்றது. வீடியோ எடுத்தவர் போனை இறக்கினார்.

"சட்டையப் போடுங்க அண்ணன்," என்றாள் அவள், கறுப்பையாவைப் பார்த்து.

பிறகு வாய் பிளந்து நின்ற கணவன் பக்கம் திரும்பினாள். கண்கள் கலங்கியிருந்தன, குரல் மட்டும் நடுங்கவில்லை.

"போலின்ல நீங்கதானே வண்டி ஓட்டப் பழக்கித் தந்தீங்க? திகனைக்குப் போய் உம்மாவுக்கு ஒரு வாய் கஞ்சி ஊட்டிட்டு வர, நம்மட ஆம்பிளைகள் ஒருத்தரும் ரோட்டுல இல்லாத ஜும்மா நேரம்தான் எனக்குக் கெடச்சிச்சு. எல்லா வெள்ளிக்கிழமையும் நான் இந்த செட்டத் தாண்டிப் போறதக் கண்டது இந்த அண்ணன் மட்டும்தான்!"