கட்டில் மரியாதை

"கயிறு பிடிக்காம திரும்பி வந்தியள்னா இன்னைக்குக் கஞ்சி கிடையாது மாமா, சொல்லிட்டேன்."

விடிஞ்சும் விடியாம பக்கத்து வீட்டு விக்டோரியா போட்ட சத்தத்துல, ஏசுஅடிமைக்கு வாயில வச்ச கட்டன்சாயா புரையேறிட்டு.

அவ விரட்டுனது சொந்த மாமனாரை. எழுபது தாண்டுன சிலுவை. போன கிறிஸ்துமஸுக்கு முந்தி நெஞ்சு வலிச்சு, செத்துப் பிழைச்ச மனுசன்.

"இன்னைக்கு ஒரு நாளு விடு பிள்ளே..."

"நேத்தும் இதத்தான் சொன்னிய. எந்திரிங்க."

குளச்சல் கரையில கடல்ல விரிச்ச கரமடி வலையைக் கயிறு பிடிச்சுக் கரைக்கு இழுக்கும்போ ஒரு வழக்கம் உண்டு. கயிறுல கை வச்சவன் யாரானாலும் சரி, மீனுல அவனுக்கும் ஒரு பங்கு. அந்த ஒரு கை சாளை மீனுக்காக, கெழவனை மண்ணுல நிறுத்துகாளேன்னு ஏசுஅடிமைக்கு ரத்தம் கொதிச்சிட்டு.

அவன் வீட்டுலயும் ஒரு கெழவர் உண்டு. அவனைப் பெத்த அப்பா சகாயம், சிலுவையோட ஒரே வயசுச் சோட்டுக்காரரு. அம்மா போன பொறவு, அப்பாவாவது இன்னும் கொஞ்ச காலம் இருக்கணும்னு ஏசுஅடிமை அவரைக் கட்டில்ல படுக்க வச்சான். ரெண்டு வருசமா இறங்க விடல்ல. சாய ரெண்டு தலவாணி, துப்ப ஒரு கோளாம்பி. சந்தையில கருவாடு விக்கும்போ இதையும் சேத்து விப்பான்: "எங்கப்பாவை நான் ராசா மாதிரி வச்சிருக்கேனாக்கும்."

பொண்டாட்டி பேறுகாலத்துக்கு மணக்குடி போயி ஒரு மாசம் தாண்டிட்டு. அவ போனதுலேருந்து பகல்ல அப்பாவுக்குக் கஞ்சி குடுக்கது இதே விக்டோரியாதான். அதனால நேருல கேக்க அவனுக்கு நாக்கு எழும்பல்ல. டாக்டர் ஜெபமணிகிட்ட போனான்.

ஜெபமணி பட்டணத்துல படிச்சிட்டு வந்த எளந்தாரி. லண்டன்லேருந்து அவருக்குத் தபால்ல வைத்தியப் பத்திரிகை வரும். வந்த அன்னைக்கு, சொறி சிரங்குக்குப் போனவன்கூட அதை முழுசா கேட்டுட்டுத்தான் களிம்பு வாங்க முடியும்.

"டாக்டர், சிலுவைப் பாட்டாவை நீங்கதான பாக்கிய? நெஞ்சுவலிக்காரரு மடி இழுக்காரு. ஒரு வார்த்தை கேக்கப்பிடாதா?"

"இழுக்கச் சொன்னதே நான்தான் அண்ணாச்சி."

ஏசுஅடிமை பெஞ்சுல உக்காந்துட்டான்.

"லண்டன்ல பஸ்காரங்களை வச்சு ஆராய்ச்சி பண்ணியிருக்கான். உக்காந்தே ஓட்டுத டிரைவருக்கு நெஞ்சுவலி கூடுதலு. மாடி பஸ்ஸுல ஏறி இறங்கி டிக்கெட் குடுக்க கண்டக்டருக்குக் கொறவு."

"நம்ம ஊரு பஸ்ஸை டிரைவரும் கண்டக்டரும் சேந்துல்லா தள்ளுகானுவ."

"அதான் ரெண்டு பேரும் நல்லா இருக்கானுவ." டாக்டருக்கு உற்சாகம் பிடிச்சிட்டு. "வயசானவங்களைப் படுக்கப் போட்டா சதை வத்தும், ரத்தம் கட்டும்ங்கான் அண்ணாச்சி. சிலுவைப் பாட்டாவை நடக்கச் சொன்னேன். சோலி இல்லாம நடக்கவன் கிறுக்கனாக்கும்னுட்டாரு. அப்பதான் விக்டோரியாக்கா கயிறைச் சொன்னாங்க. கடைசியில நின்னு பைய பிடிச்சாப் போதும். ஊரு ஏசுமேன்னேன். ஏசிட்டுப் போட்டும்னாங்க. உங்கப்பாவையும் கொஞ்சம் கொஞ்சமா எழுப்பி நடக்க விடுங்க."

"எங்கப்பாவைக் கொல்லப் பாக்கியளா? இந்த ஒரு மாசமாத்தான் அவருக்கு மொகத்துல ரத்தமே ஓடுது. ராத்திரி ரெண்டாம் தடவை சோறு கேக்காரு. எல்லாம் நான் அசைய விடாம பாத்த பாடாக்கும்."

டாக்டர் தலையைச் சொறிஞ்சாரு. "பத்திரிகையில அப்படிப் போடல்லியே."

"அப்ப பத்திரிகையைத் திருத்தச் சொல்லுங்க."

டாக்டரும் அவ பக்கம் சாஞ்சாச்சு. இனி ஊரு கூடுத எடத்துல வச்சுக் கேட்டாத்தான் அவளுக்கு ஒறைக்கும். ஏசுஅடிமை சந்தைக்குப் போகாம நேரா கடற்கரைக்கு நடந்தான். தெனமும் வண்டியில போயி தராசு முன்னால உக்காருத சரீரம். மணல்ல கால் பொதஞ்சு, ஒவ்வொரு எட்டுக்கும் மூச்சு வாங்குச்சு.

மடி கரைகிட்ட வந்துட்டு. ஆளுவ வரிசையா நின்னு கயிறு வலிக்கானுவ. கடைசி ஆளுவள்ல சிலுவை. பக்கத்துல கஞ்சிப் பானையோட விக்டோரியா.

"ஏட்டி விக்டோரியா," இரைச்சுக்கிட்டே சத்தம் போட்டான். "கெழவனை வேலை வாங்கித் திங்கியே, வெக்கமா இல்லியா? அப்பனை எப்படிப் பாக்கணும்னு எங்க வீட்டுல வந்து படிச்சுக்க."

விக்டோரியா முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டா. கயிறு பிடிச்சவனுவ எல்லாம் அவனைப் பாக்காம கடலைப் பாத்தானுவ.

சிலுவைக்குப் பின்னால, தலையில துண்டைக் கட்டிக் குனிஞ்சு நின்ன இன்னொரு கெழவரு பைய நிமுந்தாரு.

சகாயம்.

ஏசுஅடிமைக்கு வாய் தொறந்தபடியே நின்னுட்டு. "அப்பா... நீங்க... எப்படி..."

"அவளை ஏசாத மக்கா. மொத நாளு தோளுல தாங்கிக் கூட்டிட்டு வந்தா. இப்ப நானே நடந்து வாறேன். ஒன்கிட்ட சொல்லணும்னு அவ ஒத்தக்கால்ல நின்னா. நான்தான் விடல்ல. அப்பனைக் கட்டில்ல வச்சிருக்கேன்னு சந்தை பூரா பெருமை பேசிட்டுக் கெடக்க. ஒனக்குக் கொறச்சலா ஆயிரப்பிடாதுல்லா?"

பக்கத்துல நின்ன சிலுவை கொஞ்சம் நகந்து கயிறுல எடம் விட்டாரு. சகாயம் மகனை மேலயும் கீழயும் பாத்தாரு.

"ஏம்லே இப்படி மூச்சு வாங்குது? வா, வந்து கயிறைப் பிடி. இல்லன்னா கொஞ்ச நாள்ல ஒன்னையும் நான்தான் கட்டில்ல போட்டுப் பாக்கணும்."