முப்பது அடி

"ஒரு முறைக்கு யாரா இருந்தாலும் முப்பது அடிதான் ஓடலாம். ரூல் புக்ல அப்படித்தான் இருக்கு அக்கா" என்றான் அறிவழகன்.

பகடை உருட்டிக் கதை நடத்தும் விளையாட்டு அது. கதையில் அவன் அக்கா வெற்றிச்செல்வியும் அவள் கணவர் செழியனும் திருடர்கள். அரண்மனைப் புதையலோடு கோட்டையை விட்டுத் தப்ப வேண்டும். பெட்டி செழியன் தோளில்.

"அதெப்படிடா? பெட்டி தூக்குறவரும் வெறுங்கையோட ஓடுற நானும் ஒரே வேகமா? ஏங்க, வாசல்ல கிடக்குற சிமெண்டு மூட்டையத் தூக்கிட்டு என்கூட அந்த வேப்பமரம் வரைக்கும் ஓடுங்க, பார்ப்போம்."

செழியன் ஓடினார். அவர் வேப்பமரத்தை நெருங்குவதற்குள் அவள் அதைத் தொட்டுவிட்டுத் திரும்பியிருந்தாள்.

"உங்க அக்கா சொல்றதுதான் நியாயம் மாப்ளே. ரூலை மாத்து" என்றார், மூச்சு வாங்க.

"சரி மாமா. சுமை இருந்தா பதினஞ்சு அடிதான்" என்று எழுதிக்கொண்டான் அறிவழகன். "அக்கா, உன் முறை."

ஆட்டம் தொடங்கும்போது தம்பி ரகசியமாகக் கொடுத்திருந்த சீட்டை அவள் கணவர் முன் விரித்து வைத்தாள்.

'நீ ராஜாவின் ஒற்றர்; திருடர் வேடத்தில் இருக்கிறாய். புதையலோடு ஓடுபவனைப் பிடி.'

"பெட்டியக் கீழ வைங்க" என்றாள். "இல்லேன்னா, பதினஞ்சு அடி ஓடிப் பாருங்க."