இரண்டு டம்ளர் அரிசி

இயக்குநரின் சிவப்புப் பேனா நாற்பத்திரண்டாம் சீனுக்கு வந்ததும், திரைக்கதை எழுதியவள் தண்ணீர் குடிக்க எழுந்தாள்.

வெட்டட்டும். வெட்டுவதற்காகவே எழுதிய சீன் அது.

முதல் படத்தில் ஒரு சீனுக்காக மூன்று நாள் மல்லுக்கட்டியவள். தோற்றுப்போய், அலுவலகப் படிக்கட்டில் உட்கார்ந்து விக்கி விக்கி அழுதவள். ஒன்பது படங்கள் ஆகிவிட்டன. இப்போது சண்டையும் கிடையாது, அழுகையும் கிடையாது. திருத்தி எழுதும்போதே ஒரு சீனைப் பலியாடாக நிறுத்திவிடுவாள். இயக்குநர் அதை வெட்டிவிட்டு, தானும் உழைத்துவிட்ட திருப்தியில் மற்றதைத் தொடாமல் விட்டுவிடுவார்.

இந்தக் கணக்கு இதுவரை தப்பியதில்லை.

இந்த முறை ஆட்டை ஜோடிக்கக்கூட மனசில்லை. தன் வீட்டில் நடப்பதையே நாலு வரி எழுதி வைத்தாள்.

சமையலறை. கணவன் விட்டுப்போன ஒருத்தி. பாத்திரத்தில் இரண்டு டம்ளர் அரிசி அளந்து போடுகிறாள். நிற்கிறாள். ஒரு டம்ளரை அள்ளித் திரும்ப டப்பாவில் கொட்டுகிறாள்.

அவ்வளவுதான்.

அவளுடைய கணவனும் அவளை விட்டுப்போய் நாற்பது நாள். யாரிடமும் சொல்லவில்லை. அழுகையும் வரவில்லை. பல் பிடுங்கிய அன்றைய தாடை மாதிரி எல்லாம் மரத்துக் கிடந்தது.

இயக்குநர் குமரவேல் பேனாவை மூடினார்.

"இது இருக்கட்டும்மா. படமே இதுதான். ஒரே ஒரு திருத்தம். கொட்டும்போது அந்தப் பொண்ணு அழணும். ஒரு சொட்டு போதும். சாயங்காலத்துக்குள்ள மாத்திடுங்க."

"சரி சார்."

ஒன்பது படங்களில் பழகிய பதில்.

வீட்டுக்கு வந்து லேப்டாப்பைத் திறந்தாள். 'அழுகிறாள்' என்று ஒரு சொல் சேர்க்க வேண்டும். எத்தனையோ பேரை அழவைத்த கை. இன்று நகரவில்லை.

சமையலறைக்குப் போனாள். இரண்டு டம்ளர் அளந்து போட்டாள். ஒரு டம்ளரை அள்ளி, டப்பாவின் மேல் பிடித்தபடி நின்றாள்.

ஒரு சொட்டு போதும்.

வரவில்லை.

நாற்பது நாளாகக் கொட்டிய கைக்கு இன்று கொட்டவும் முடியவில்லை.

இரண்டு டம்ளரையும் களைந்து குக்கரில் வைத்தாள். பிறகு இயக்குநருக்குப் போன் செய்தாள்.

"சார், அவ அழல. திரும்பக் கொட்டவும் இல்ல. ரெண்டு டம்ளரையும் சேத்து ஒலை வெச்சிடறா."

குமரவேலின் குரல் போனில் துள்ளியது.

"அடேங்கப்பா! எங்கேருந்தும்மா பிடிக்கிறீங்க இதையெல்லாம்? சரி, அப்புறம்? அவ்ளோ சோத்தையும் வெச்சுகிட்டு அவ என்ன பண்றா?"

மூன்றாவது விசில் வந்தது. அடுப்பை அணைத்தாள்.

"இன்னும் தெரியல சார்" என்றாள்.