பதினெட்டாவது குரல்

"இந்த போன் மெஷின்ல ஒரு சிப்பு எட்டுப் பேரு குரலைத் தாங்குது. நாம நாலு சிப்பு போட்டிருக்கோம். நாலெட்டு முப்பத்திரண்டு. இதுக்கு எதுக்கு அம்மணி இஞ்சினீயரிங் படிப்பு?" என்றார் பாலகோபால்.

"பதினேழுதானுங்க சார் வருது."

மூன்று நாளாக அளந்து பார்த்து எழுதிய காகிதங்களை நீட்டினாள் அன்புக்கரசி.

பாலகோபால் பீளமேட்டில் பம்ப்செட் செய்து பெரிய முதலாளியானவர். தொண்ணூற்றேழில் கம்பியில்லா போன் மெஷினில் இறங்கியிருந்தார். பல்லடம் பக்கம் கம்பி எட்டாத கிராமங்களுக்கு முப்பத்திரண்டு போன் கொடுக்க அரசாங்கத்தில் டெண்டர் விட்டிருந்தார்கள். அது கிடைக்காவிட்டால் இந்தப் பிரிவுக்கே பூட்டு. அன்புக்கரசிக்கும் வேலை இல்லை.

"நாலு போட்டும் பதினேழா? எப்படி?"

"ஒரே கிணத்துல நாலு மோட்டார் இறக்குனா நாலு மடங்கு தண்ணி வருமுங்களா? ஊத்து ஒண்ணுதானுங்களே. நாலு சிப்பும் ஒரே மெமரியில இருந்துதான் எடுக்கோணும். ஒண்ணு எடுக்கறப்ப மத்ததெல்லாம் காத்துக் கிடக்குதுங்க."

"செரி, பதினெட்டாவது ஆளு பேசுனா?"

"நம்பர் வரிசையிலதான் மெஷின் கவனிக்கும். எல்லாரும் ஒண்ணாப் பேசுனா, முதல் பதினேழு நம்பர் கணீர்னு கேக்கும். மிச்சமெல்லாம் கரகரதானுங்க."

"முப்பது வருசமா மூணு எச்.பி. மோட்டாருக்கு அஞ்சுன்னு தகடு அடிச்சு வித்திருக்கேன். ஒருத்தரும் கேட்டதில்ல. நாளைக்கு ஆபீசர் வாராரு. நீ வாயைத் தொறக்காத கண்ணு."

மறுநாள் அதிகாரி நஞ்சுண்டன் வந்தார். பாலகோபால் முப்பத்திரண்டை அடித்துச் சொன்னார். நஞ்சுண்டன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அன்புக்கரசி பக்கம் திரும்பினார்.

"மெஷினைச் செஞ்சவங்க நீங்க. நீங்க சொல்லுங்கம்மா."

முதலாளியைப் பார்க்காமல் சொன்னாள்.

"பதினேழுங்க."

பாலகோபாலின் முகம் சுண்டிப்போனது.

நஞ்சுண்டன் எழுந்து நின்று கைகூப்பினார். "மூணு கம்பெனி ஏறி இறங்கிட்டேன். அத்தனை பேரும் முப்பத்திரண்டுன்னு சாதிச்சாங்க. இந்தக் காலத்துல இப்படி ஒரு நேர்மையா! ஆர்டர் உங்களுக்குத்தான்."

"எங்க கம்பெனியில பொய்க்கே எடமில்லீங்க," என்றார் பாலகோபால், கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

அன்புக்கரசிக்குக் கால் தரையில் பாவவில்லை. காபி வரும் வரைக்கும்தான்.

"உண்மையான கணக்கு தெரிஞ்சாத்தானே பிரிச்சுக் கொடுக்க முடியும்?" என்றார் நஞ்சுண்டன், ஒரு வாய் உறிஞ்சிவிட்டு. "முதல் பதினேழு நம்பரை எங்க அதிகாரிங்க வீடுகளுக்குப் போட்டுடுங்க. ஒண்ணாம் நம்பர் எனக்கு. மிச்சத்தைக் கிராமங்களுக்குத் தள்ளிடலாம். கரகரன்னாலும் அங்க யாரு கேக்கப் போறாங்க?"

அன்புக்கரசி காபியை அப்படியே கீழே வைத்தாள். இதற்கா உண்மையைச் சொன்னோம்?

மெஷின் போய்ச் சேர்ந்து ஒரு மாதம் ஆகியிருக்கும். பாலகோபால் அவளை அறைக்குக் கூப்பிட்டார்.

"நஞ்சுண்டன் ஊட்டு போனு கரகரங்குதாம். அவரோட சேத்துப் பதினஞ்சு ஆபீசருங்களுக்கு இதே கதை. மெஷின்ல ஏதாச்சும் மாத்துனியா?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அது அவளுக்கு வரவில்லை.

"நம்பரைக் கவனிக்கற வரிசையை மாத்திப்போட்டேனுங்க சார். ஒண்ணுல இருந்து மேல போறதுக்குப் பதிலா, முப்பத்திரண்டுல இருந்து கீழ வாற மாதிரி."

வேலை போயிற்று என்று அவள் முடிவுகட்டிக்கொண்டாள்.

"கிராமத்துல எப்படிக் கேக்குதாம்?"

"பதினஞ்சு ஊர்லயும் கணீர்னு கேக்குதுங்க."

மேஜை மேலிருந்த போன் அடித்தது. எடுத்தார். மறுமுனையில் நஞ்சுண்டன் கத்துவது அவள் நின்ற இடம் வரைக்கும் கேட்டது. பாலகோபால் ரிசீவரைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்து, கத்தல் ஓயும்வரை பொறுத்திருந்தார். பிறகு குரலில் தேன் ஒழுகச் சொன்னார்:

"மெஷின்ல ஒரு குறையுமில்லீங்க சார். எங்க பொண்ணுதான் பொய்யே பேசாதுன்னு உங்களுக்கே தெரியுமே, அதுவே பாத்துச் சொல்லிப்போடுச்சு. உங்க பங்களாச் சுவரு ரொம்பக் கெட்டிங்க, அதான் சிக்னல் உள்ள நுழைய மாட்டேங்குது!"